ஆணா பெண்ணா சொல்லும் ஜாதிக்காய்

ஆத்துக்கால்பாளையத்தில் அதுவரை எந்தப் பேருந்தும் நின்றதில்லை. கையைக் காட்டினால் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நேரே ஆனைமலைக்குப் போய்விடுவார். அந்த வருடம் ஆனி மாதம் பார்த்தால், ஊர் எல்லையிலிருந்து பண்ணையார் கோபாலசாமியின் தோப்பு வரைக்கும் ஜீப்பும் வேனும் டெம்போவும் வரிசை கட்டி நின்றன. பேருந்தும் நின்றது. நடத்துநர் இறங்கிப்போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துதான் விசில் ஊதினார். புரோட்டாக் கடை வந்தது. எஸ்.டி.டி. பூத் வந்தது. செருப்புக்குக் காவல் இருக்க ஓர் ஆள் வந்தார். புத்திக்குக் காவல் இருக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எல்லாம் ஒரேயொரு ஜாதிக்காயால்.

சிவப்புக் கயிற்றின் நுனியில் கட்டிய காய் அது. மேலே ஜாதிபத்திரி உரிக்காமல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தோப்பில் வந்து தங்கியிருந்த சாமியார் ஒருவர், ஊருக்கு வெறும் 'சாமி', அந்தக் கயிற்றை இரண்டு விரலில் பிடித்து, பையில் வளரும் ஜாதிக்காய்க் கன்றுக்கு மேலே தொங்கவிட்டுக் கண்ணை மூடுவார். காய் வட்டமாகச் சுற்றினால் கன்று பெண். முன்னும் பின்னும் ஆடினால் ஆண். சாமி கண்ணைத் திறந்து சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

இதற்கா இவ்வளவு கூட்டம் என்று கேட்பவர்கள் ஜாதிமரம் வைத்திராதவர்கள். அது விவசாயியின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே முளைத்த மரம். விதை போட்டுக் கன்றாக்கி, தென்னைக்கும் பாக்குக்கும் நடுவில் நிழல் பார்த்து நட்டு, பிள்ளையைப் போல வளர்த்தாலும் ஆறேழு வருடம் வாய் திறக்காது. பூக்கும்போதுதான் ஆணா பெண்ணா என்று தெரியும். ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். ஆண் மரம் பூக்கும்; காய்க்காது. பெண் மரத்தில்தான் அந்த மஞ்சள் பழம் தொங்கும், முற்றியதும் வாயைப் பிளந்து உள்ளே சிவப்பு வலை போர்த்திய கொட்டையைக் காட்டும். தோல் ஊறுகாய்க்கு. வலையை உரித்துக் காயவைத்தால் பத்திரி, பிரியாணிக்கு. கொட்டை நாட்டு மருந்துக் கடைக்கு. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் இருந்தால் போதும். அதனால் சீமையில் உள்ள பெரிய மனிதர்களெல்லாம் சாமி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, எல்லாம் பொட்டையாகவே அமைய வேண்டும் என்று மனமுருக வேண்டினார்கள்.

பெண் வேண்டும் என்று கொங்கு நாட்டு ஆண்கள் கும்பிட்டதை வேறு எங்கும் பார்த்திருக்க முடியாது.

சாமியின் இயற்பெயர் வெங்கடபதி. அவிநாசிப் பக்கம் போர் போட நிலத்தடித் தண்ணீருக்குப் பாயிண்ட் பார்த்துக்கொண்டிருந்தவர். அப்போது கயிற்றில் தேங்காய் ஆடியது. அந்தத் தொழிலில் ஒரு சங்கடம். போர் வண்டி வந்து இறங்கியதும் உண்மை புழுதியாக மேலே வந்துவிடும். இரண்டு ஊர்களில் அவரைத் துரத்தியிருக்கிறார்கள். அப்புறம் அவர் உட்கார்ந்து யோசித்தார். சொன்ன பொய் வெளியே வர ஏழு வருடம் ஆகும் தொழில் எது? இந்தக் கதையில் முதலில் யோசித்தவர் அவர்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆண் என்று கழித்த கன்றுகளைக் கண்ட இடத்தில் வீசினால் தோஷம் என்று சாமியே வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அவை சத்தியமங்கலம் பக்கம் பெண் கன்றுகளாக விலைபோயின என்பது பிற்பாடு தெரிந்தது. பவானி ஆற்றைத் தாண்டியதும் மனம் மாறியிருக்கும்.

இப்போது பொற்கொடிக்கு வருவோம். கோபாலசாமியின் தோப்பில் தண்ணீர் கட்டும் காளிச்சாமியின் மகள். பி.எஸ்ஸி. தாவரவியல். அவள் குடும்பத்தில் மட்டுமல்ல, அவள் தெருவிலேயே முதல் பட்டம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, கூப்பிடும் வரைக்கும் அம்மாவோடு அதே தோப்பில் பத்திரி உரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லோரும் கோபாலசாமியை எசமான் என்றால் இவள் 'சார்' என்பாள். சமூகம் அந்த ஒரு சொல்லில் ஆட்டம் கண்டுவிட்டது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கோபாலசாமி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சாமி கவனித்தார். ஆளை எடைபோடுவதுதானே அவர் பிழைப்பு. ஒருநாள் கூட்டத்துக்கு நடுவே, "படிச்ச அம்மணி நிக்கலாமுங்களா? ஒரு சேர் போடுங்க," என்றார். அந்தத் தோப்பில் அவள் குடும்பத்தில் யாருக்கும் யாரும் நாற்காலி போட்டதில்லை. பொற்கொடி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருந்திருக்கலாம். ஜாதிமரத்தில் ஆண் தனி, பெண் தனி என்பதை அரைமணி நேரம் விளக்கினாள். லத்தீன் பெயரைச் சொன்னாள். யாரும் கேட்காமலே, அபூர்வமாக ஒரே மரத்தில் இரண்டு வகைப் பூவும் வரும் என்றும் சேர்த்துக்கொண்டாள். கோபாலசாமியே வாயைப் பிளந்து கேட்டார். அவளுக்கு ஓர் அடி உயரம் கூடினாற்போல இருந்தது.

மறுவாரம் தோப்பு வாசலில் புதிதாக ஒரு பலகை: 'பட்டதாரிகளால் ஒப்புக்கொள்ளப்பட்டது.' பட்டதாரிகள் என்று பன்மையில் இருந்தாலும் ஆள் ஒருத்திதான்.

மரத்தில் ஆணும் பெண்ணும் உண்டு என்று அவள் சொன்னாள். அதைக் கயிறு காட்டும் என்று அவள் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. ஊர் அதில்தான் விழுந்தது. தள்ளிவிட்ட கை பி.எஸ்ஸி. படித்த கை.

தூரத்து ஊர்க்காரர்கள் கன்றுகளைச் சுமந்து வரச் சிரமம் என்றார்கள். கன்றுக்கு ஓர் இலை கொண்டுவந்தால் போதும் என்று சாமி இறங்கிவந்தார். ஈரத்துணியில் இலைகளைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் ஒருநாள் ஒரு மாமியார், மரத்துக்குச் சொல்கிற சாமி மனுஷிக்குச் சொல்லாதா என்று கேட்டு, மருமகளைப் பாயில் படுக்கவைத்தாள். கயிறு வயிற்றுக்கு மேலே ஆடியது. அன்றிலிருந்து கூட்டம் இரட்டிப்பானது. காலையில் கன்றுக்கு வந்து எல்லாம் பொட்டையாகக் கேட்ட அதே ஆட்கள், மத்தியானம் மருமகளை அழைத்துவந்து பொட்டை மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டார்கள். ஒரே வாய், ஒரே சாமி, ஒரே நாள். ஒருவருக்கும் நாக்கு இடறவில்லை.

இந்தத் தொழிலும் கெட்டி. ஆண் என்று சொல்லிப் பெண் பிறந்தால், வீட்டார் தீட்டோடு வந்ததால் வாக்கு தவறியது என்று சாமி சொல்லிவிடுவார். பெண் என்று சொன்னால் பெரும்பாலும் பொள்ளாச்சியில் ஒரு மாடி அறைக்குப் போய்விடுவார்கள். அங்கே கலைத்ததை எந்தச் சிசு எழுந்து வந்து சரிபார்க்கப் போகிறது?

பொற்கொடிக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வருவதற்குக் குறைவே கிடையாது. பெண்களை இப்படி ஊர் பார்க்கப் படுக்கவைப்பது அநியாயம் என்று தோப்பிலேயே நின்று கத்தினாள். சாமி கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் முதல் நடுவில் ஒரு வேட்டித் திரை வந்தது. வீட்டுப் பெண்கள் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டும். கர்ப்பிணி திரைக்கு அந்தப் பக்கம் துணியோடு வயிறு ஒட்டினாற்போலப் படுக்க வேண்டும். சாமி இந்தப் பக்கம். பத்தினிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை என்று அதற்கும் ஒரு பெருமை சேர்ந்துகொண்டது. பொற்கொடி போராடி வாங்கிக்கொடுத்த பெண் விடுதலையின் அளவு நாலு முழம்.

இத்தனையும் ஊரார் வயிற்றில் நடந்தவரைக்கும் அவள் கோபம் பேச்சோடு நின்றது. பிறகு அது அவள் வீட்டுக்கே வந்தது.

அவள் அண்ணன் ரவிக்குமார் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். வாரம் ஒருமுறை ஊருக்கு வருவான். அவன் மனைவி அம்சவேணிக்கு இரண்டு பெண் குழந்தைகள்; மூன்றாவது வயிற்றில், நாலு மாதம். மாமியார், அதாவது பொற்கொடியின் அம்மா மாசாணியம்மாள், ஒருநாள் மருமகளைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காய் வட்டமாகச் சுற்றியது. அன்று மாலையே மாடி அறைக்கு வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது.

அம்சவேணி அழவில்லை. பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் பொற்கொடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இது வேணுங் கண்ணு. ஆணோ பொண்ணோ, வேணும். நா சொன்னா இந்த ஊட்டுல ஆரு கேப்பாங்க? நீ படிச்சவ. நீ சொல்லிப் பாரு."

படித்தவள் சொல்லிப் பார்த்தாள். கயிறு ஆடுவது விரலால்தான் என்றாள். வயிற்றிலிருந்து கயிற்றுக்கு ஒன்றும் ஏறிவராது என்றாள். மாசாணியம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"அன்னைக்குச் சேருல குக்கிட்டு அரைமணி நேரம் நீதான அம்மணி சொன்னே? சாமி சொல்றது சயின்ஸுன்னு பலகையே வெச்சுப்போட்டாங்க. இன்னைக்கு உன்ற அண்ணியின்னதும் சயின்ஸ் மாறிப்போச்சாக்கும்?"

வாங்கிய பட்டம் இப்படித் திரும்பி வந்து முதுகில் அறையும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, செய்துகாட்டிவிட வேண்டியதுதான் என்று கிளம்பினாள். மறுநாள் காலை, பழம் வெடித்துத் தொங்கும் ஒரு பெண் மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்தாள். நடு நரம்போடு நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை ஈரத்துணியில் சுற்றி வரிசையின் முன்னால் நின்ற ஒரு கிணத்துக்கடவுக்காரரிடமும், மறுபாதியை வரிசையின் கடைசியில் நின்ற ஒருவரிடமும் கொடுத்தாள். பூச்சி தின்றது போக மிச்சம் என்று சொல்லச் சொன்னாள். முதல் பாதிக்குக் காய் வட்டமிட்டது: பெண். ஒரு மணி நேரம் கழித்து மறுபாதிக்கு முன்னும் பின்னும் ஆடியது: ஆண்.

பொற்கொடி பாய்ந்துபோய் இரண்டு பாதிகளையும் பிடுங்கிச் சேர்த்துவைத்துக் கூட்டத்துக்குக் காட்டினாள். நரம்போடு நரம்பு பொருந்தியது. ஒரே இலை; பாதி ஆண், பாதி பெண். இனி யார் பேச முடியும்?

சாமி பேசினார். முதலில் ஒரு கணம் முகம் வெளுத்தது. அப்புறம் அந்த இலையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"பாதி ஆணு, பாதி பொண்ணு. திருச்செங்கோட்டு அப்பன் இங்கயே வந்து நிக்கறான். ரெண்டும் கலந்த மரம் உண்டுன்னு அம்மணியே அன்னைக்குச் சொன்னாங்களே, அது இதுதானுங்க."

கூட்டம் 'அர்த்தநாரீசுவரா' என்று விழுந்து கும்பிட்டது. யாரோ இலைக்குக் கற்பூரம் காட்டினார்கள். இலையின் ஒரு பாதியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களில் அவள் அப்பா காளிச்சாமியும் ஒருவர். மோசடியை அம்பலப்படுத்தப் போனவள் ஊருக்கு ஒரு புதிய தெய்வத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

வியாழக்கிழமை ரவிக்குமார் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். இலை மகிமையைப் பேருந்திலேயே கேட்டுவிட்டு வந்திருந்தான். தங்கையைப் பார்த்து அவனுக்கு ஒரே சிரிப்பு. அவளுக்கு எரிந்தது.

"அவ்வளவு நம்பிக்கையாண்ணா? அப்ப நீயே போய்த் திரைக்குப் பின்னால படு. வகுறு இருக்குதல்ல, அது போதும். ஆம்பளையின்னு கண்டுபுடிக்கறாரான்னு பாக்கலாம்."

பட்டறைக்கு எதிரே இருக்கும் புரோட்டாக் கடை வளர்த்த வயிறு அது. அவன் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டான். சாமி மூச்சுக் காற்றை வைத்தே சொல்லிவிடுவார் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. கண்டுபிடித்துவிட்டால் அவள் வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர வேண்டும் என்றான். கண்டுபிடிக்காவிட்டால் ஆஸ்பத்திரியே கிடையாது என்றாள் அவள். அவன் சரி என்றான். அவளும் சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஏனுங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அம்சவேணி குரலை உயர்த்தி அந்த வீடு கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. "என்ற வகுத்தை வெச்சு அண்ணனும் தங்கச்சியும் பந்தயங் கட்டறீங்க. என்னைய ஆராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. பெண்களுக்காகப் பேசுகிறேன் என்று கிளம்பியவள் ஒரு பெண்ணைக் கேட்காமலே அவள் வயிற்றைப் பணயம் வைத்திருந்தாள். காய் ஆட்டுகிறவனுக்கும் தனக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அவள் நினைப்பதற்குள் அம்சவேணியே வெளியே வந்தாள்.

"பந்தயமெல்லாம் வேண்டாம். ஆனா அவரு போய்ப் படுக்கட்டும். திரையை நா புடிக்கறேன். இன்னொரு முனையை அத்தை புடிக்கட்டும். அவிங்களே கண்ணால பாக்கட்டும்."

மாசாணியம்மாள் தயங்கவில்லை. சாமியின் மேல் அவ்வளவு நம்பிக்கை. மகன் செய்யும் குறும்புக்குச் சாமி செல்லமாகத் திட்டிவிட்டு விபூதி தருவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனார்கள். கூட்டம் வழக்கம்போல. கோபாலசாமி முன்வரிசையில், இன்னொரு வண்டிக் கன்றுகளோடு. ரவிக்குமார் தலையில் முக்காடு போட்டுப் பெண்களுக்கு நடுவே குனிந்து நடந்து திரைக்குப் பின்னால் போனான். சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் மல்லாந்தான். மாமியாரும் மருமகளும் வேட்டியை இழுத்துப் பிடித்தார்கள். பொற்கொடி ஓரமாக நின்றாள். திரை விலகியதும் பேச வேண்டியதை அவள் விடிய விடிய மனப்பாடம் செய்திருந்தாள். அறிவு என்றால் என்ன என்று ஆரம்பிக்கும்.

சாமி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். மாசாணியம்மாளை அடையாளம் கண்டுகொண்டு புன்னகைத்தார். எத்தனை மாதம் என்றார்.

"எனக்கு நாலு முடிஞ்சுதுங்க," என்றாள் அம்சவேணி, பிடித்த முனையால் முகத்தை மறைத்துக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து. பொய் ஒன்றும் இல்லை.

கயிறு இறங்கியது. கண்கள் மூடின. காய் சற்றுத் தயங்கி, அப்புறம் அழகாக வட்டம் போட்டது.

"பொண்ணேதானுங்க தாயி. முன்ன சொன்ன வாக்கு மாறாது. கரு தெளிவாத் தெரியுது, பனிக்குடத்துல குப்புறக் கெடக்குது. ராத்திரியில சித்த நெஞ்சு கரிக்குமே தாயி, கரிக்குதுங்களா?"

"கரிக்குதுங்," என்றது திரைக்குப் பின்னால் ஒரு கட்டைக் குரல். ரவிக்குமாருக்கு உண்மையாகவே கரித்துக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரி சாப்பிட்ட புரோட்டா.

சாமி கண்ணைத் திறந்தார். அதே சமயம் மாசாணியம்மாளின் கை வேட்டியை விட்டது. யாரும் இழுக்கவில்லை, விரல்கள் தாமாகவே தளர்ந்தன. துணி சரிந்து விழுந்தது.

பாயில் மீசையோடும் நெஞ்சுமுடியோடும் நாலு மாதக் கர்ப்பிணி.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏனுங் ரவி, வளைகாப்பு எப்பங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். சிரிப்பு அங்கே ஆரம்பித்து முன்வரிசை வரைக்கும் வந்து, செருப்புக் காவலாளி வரைக்கும் போயிற்று. சாமி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, இதுவும் அர்த்தநாரி என்று ஆரம்பித்தார். ரவிக்குமார் எழுந்து உட்கார்ந்து தொப்பையைச் சொறிந்தான். அதைப் பார்த்துக்கொண்டே அவனுக்குக் கற்பூரம் காட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. கோபாலசாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்ப நா புடுங்கிக் குடுத்த கன்னெல்லாம்?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கூட்டம் கலைவதற்குள் சாமி வேனோடு மறைந்துவிட்டார். காயும் கயிறும் பாயிலேயே கிடந்தன.

பொற்கொடியின் சொற்பொழிவை யாரும் கேட்கவில்லை. தேவையும் படவில்லை. 'அறிவு என்றால்' என்று அவள் இரண்டுமுறை ஆரம்பித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஆனாலும் ஜெயித்தாகிவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்தது. அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று ஆவலோடு திரும்பினாள்.

மாசாணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாவம், நிலைகுலைந்துதான் போயிருந்தாள். ஆனால் சீக்கிரம் தேறிவிட்டாள்.

"இந்தக் கெரகம் புடிச்சவனை நம்பினது தப்புத்தான் கண்ணு. நீ சொன்னதுதான் சரி. கயித்தெல்லாம் நம்பப்படாது. பொள்ளாச்சியில ஸ்கேன் மிசினு வந்திருக்குதாமா. அது பொய் சொல்லாது. அதுல பாத்துப்போட்டு அப்புறம் கலைச்சுக்கலாம்."

கயிற்றைப் பொய் என்று நிரூபிக்கப் பொற்கொடி இத்தனை பாடுபட்டாள். கயிற்றிடம் கேட்க வந்த கேள்வியை அவள் தொடவே இல்லை. மோசடியை ஒழித்துவிட்டு, கொலைக்குத் துல்லியமான கருவி ஒன்றைச் சிபாரிசு செய்திருக்கிறாள். அவள் படிப்பு அந்த நிமிடம் பத்திரி உரிக்கக்கூடப் பயன்படாது என்று தோன்றியது.

அம்சவேணி கீழே கிடந்த வேட்டியை எடுத்து உதறி, மடித்து மாமியார் கையில் கொடுத்தாள். பிறகு சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்த புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, சாமி பொட்டைப்புள்ளையின்னு சொன்னது உங்க வகுத்துல இருக்கறதைத்தானுங்க. வேண்டாமுன்னா அதை நீங்க போய்க் கலைச்சுட்டு வாங்க. என்ற வகுத்துல இருக்கறது எதுன்னாலும் பொறக்கும். மிசினுக்கும் வர மாட்டேன், மாடிக்கும் வர மாட்டேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். ஊர் முழுக்க நின்று கேட்டது. சற்று முன் வயிறு குலுங்கச் சிரித்தவர்கள், அவரவர் மருமகள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள். ரவிக்குமார் எழுந்து கொஞ்சம் பின்தங்கி அவள் பின்னாலேயே போனான். பொள்ளாச்சிப் பேருந்து போன திசையில் அல்ல, வீட்டுத் திசையில்.

ஆத்துக்கால்பாளையத்துக்காரர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட சாமியெல்லாம் இல்லை என்று சொல்லும் முன்னால் ஒருமுறை குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். அநேகமாகத் திரையின் ஒரு முனை அங்கேதான் இருக்கும். விட்டுப் பாருங்கள்.